இமையை விரலால் தூக்கிப் பிடித்து எழுதியவர்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரை நகரமான டுசல்டோர்ஃபில் ஷ்வானன்மார்க்ட் என்றொரு சிறிய பூங்கா இருக்கிறது. அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு வெண்கல முகம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. மனித முகத்தைவிடப் பல மடங்கு பெரியது. துண்டு துண்டாகப் பிளந்திருப்பது. சிற்பி பெர்ட் கெரெஸ்ஹைம் வடித்த இந்த நினைவுச்சின்னம் 1981இல் திறக்கப்பட்டது. கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே இறந்ததும் அவர் முகத்தின்மேல் எடுத்த அச்சுதான் இதற்கு மூலம். கவிஞர்களுக்குச் சிலை வைப்பவர்கள் அவர்களைக் கம்பீரமாக நிற்கவோ உட்காரவோ வைப்பார்கள். இந்தச் சிற்பி கவிஞரின் நோயை வடித்தார். அதுவே சரியான தேர்வு என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஹைனேயின் கடைசி எட்டு ஆண்டுகளை அறியாமல், எழுத்து என்ற தொழில் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதை நாம் அறிய முடியாது.

ஹைனே 1797 டிசம்பர் 13 அன்று இதே நகரத்தின் போல்கர் தெருவில், ஒரு துணி வியாபாரியின் வீட்டில் பிறந்தார். 1827இல் வெளிவந்த ‘பாடல்களின் புத்தகம்’ அவரை ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞர் ஆக்கியது. அரசுகளைப் பகைத்துக்கொண்ட பேனா அவருடையது. 1831இல் பாரிஸுக்குப் போய், சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். யூதராகப் பிறந்தவர், அரசை எதிர்த்தவர் என்பதால் பிறந்த ஊர் அவரை உரிமை கொண்டாட வெகுகாலம் தயங்கியது. 1965இல் தொடங்கிய டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதா வேண்டாமா என்ற சண்டை 1988வரை நீடித்து, கடைசியில் அவர் பெயரே நிலைத்தது.

1848 மே மாதத்தில் அவர் கடைசியாக வெளியே நடந்து போனார். லூவ்ர் அருங்காட்சியகத்தில், கைகள் உடைந்த வீனஸ் சிலையின் காலடியில் உட்கார்ந்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். அதன் பிறகு 1856 பிப்ரவரி 17 அன்று இறக்கும்வரை படுக்கை. அடுக்கிப் போட்ட மெத்தைகளின் மேல் கிடந்த அந்த வாழ்வுக்கு ‘மெத்தைக் கல்லறை’ என்று அவரே பெயர் வைத்தார். அந்தக் கல்லறையில் கிடந்தபடிதான் ‘ரொமான்ஸெரோ’ என்ற பெரிய கவிதைத் தொகுப்பை முடித்து 1851இல் வெளியிட்டார். 1854இல் மூன்று தொகுதிகளாகக் கட்டுரைகளும் கவிதைகளும் வந்தன. நினைவுக் குறிப்புகளையும் எழுதிக்கொண்டிருந்தார்.

இதை மனவுறுதி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுப் போய்விடலாம். அப்படிச் செய்தால் அவரை வணங்கிவிட்டு நம் வழியே போய்விடுவோம். கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அவர் உண்மையில் எப்படி எழுதினார் என்று பார்த்தால் வேறொன்று கண்ணுக்குத் தெரிகிறது. அவர் எழுத்து வேலையைக் கூறு கூறாகப் பிரித்தார். ஒவ்வொரு கூறையும், அந்த நேரத்தில் தன் உடம்பில் எது இயங்கியதோ அதனிடம் ஒப்படைத்தார். அவரைக் காப்பாற்றியது ஓர் ஏற்பாடு. இன்றைய மூளை அறிவியலும் உளவியலும் அந்த ஏற்பாடு ஏன் பலித்தது என்பதை ஓரளவு விளக்குகின்றன.

உடம்பு கைவிட்ட கதை

நோய் ஒரே நாளில் வரவில்லை. 1830களிலேயே இடக்கையின் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. பிறகு கண்கள் தொல்லை கொடுத்தன. 1844இன் கடைசியில் ஹாம்பர்க் வங்கியாளரான சித்தப்பா சாலமன் ஹைனே இறந்து, சொத்துப் பங்கீட்டில் தகராறு வெடித்தபோது உடல்நிலை வேகமாகச் சரிந்தது. முகத் தசைகள் தளர்ந்தன. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மேல் இமையைத் தூக்குவதற்கென்றே கண்குழியில் ஒரு மெல்லிய தசை இருக்கிறது. மூளையிலிருந்து வரும் மூன்றாவது கபால நரம்பு அதை இயக்குகிறது. அது ஓய்ந்தால் கண் நன்றாக இருந்தாலும் திறக்காது. ஹைனேவுக்கு நேர்ந்தது இதுவே. எதையாவது பார்க்க வேண்டுமானால் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

அது என்ன நோய் என்பதில் மருத்துவர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மேகநோய் என்றுதான் ஹைனேயே நம்பினார். தண்டுவடத்தையும் மூளை உறையையும் தாக்கிய காசநோய் என்கிறது ஒரு தரப்பு. நரம்புறை சிதையும் நோய் என்றும் சொல்லப்பட்டது. 1990களில் தடயவியல் வல்லுநர்கள் அவருடைய தலைமுடியை ஆராய்ந்தபோது ஈயம் மிக அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஈயம் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். குடல் வலியையும் கொண்டுவரும். அக்காலத்து மருந்துகளிலும் பாத்திரங்களிலும் மதுவிலும்கூட ஈயம் கலந்திருந்ததால், அது நோய்க்குக் காரணமா அல்லது நோயோடு வந்து சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

வலிக்கு மார்பீன் கொடுத்தார்கள். அபினிலிருந்து மார்பீனைப் பிரித்தெடுத்தவர் ஃப்ரீட்ரிஷ் செர்ட்யூர்னர் என்ற இளம் மருந்தாளுநர். 1800களின் தொடக்கத்தில், டுசல்டோர்ஃப் இன்று தலைநகராக இருக்கும் அதே மாநிலத்தைச் சேர்ந்த பாடர்போர்ன் ஊரில் அவர் அதைச் செய்தார். தோலுக்கடியில் ஊசி போடும் முறை அப்போது பரவியிருக்கவில்லை. ஆகவே ஹைனேயின் கழுத்துப் பக்கம் புண் உண்டாக்கி, அதை ஆறவிடாமல் வைத்து, அதில் மார்பீன் பொடியைத் தூவினார்கள். இவ்வளவுக்கும் பிறகு கிடைத்தது சில மணி நேரத் தூக்கம். அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது.

இரவில் கட்டி, காலையில் சொல்லி, பிறகு செதுக்கி

1849இல் அவரிடம் செயலாளராகச் சேர்ந்தவர் கார்ல் ஹில்லபிராண்ட். இருபது வயது. பாடன் பகுதியில் நடந்த கிளர்ச்சியில் பங்கேற்று, ராஸ்டாட் கோட்டையில் சிக்கி, அங்கிருந்து தப்பி பிரான்ஸுக்கு ஓடிவந்த அகதி. பின்னாளில் பெயர்பெற்ற கட்டுரையாளரானார். ஹைனே எழுதிய விதத்தை நமக்குக் காட்டுவது முக்கியமாக இவருடைய சாட்சியம்.

ஹைனே கவிதைகளை இரவில் கட்டினார். தூக்கம் வராத நேரத்தில், இருட்டில், தாளும் பென்சிலும் இல்லாமல், முழுக்க முழுக்க மனதுக்குள். காலையில் ஹில்லபிராண்ட் வந்து உட்காரும்போது கவிதை தயாராக இருக்கும். அதைச் சொல்வார், இவர் எழுதிக்கொள்வார். வேலை அதோடு முடியாது. அடுத்து மணிக்கணக்கில் செதுக்கல் நடக்கும். இந்த வினைச்சொல் நிகழ்காலத்தில் இருக்கட்டுமா, இறந்தகாலத்திலா? இந்தப் பழஞ்சொல் காதில் எப்படி விழுகிறது? ஓசை தட்டுகிறதா? பொருள் புரிகிறதா? அந்த இளைஞரின் காதையே உரைகல்லாக வைத்து ஒவ்வொரு சொல்லையும் தேய்த்துப் பார்த்தார்.

கைக்குச் சற்றுத் தெம்பிருந்த நாட்களில் தானே எழுதினார். டுசல்டோர்ஃபின் பில்கர் தெருவில் உள்ள ஹைன்ரிஷ் ஹைனே நிறுவனம் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. கடைசி ஆண்டுகளின் தாள்கள் பெரியவை, எழுத்துகளும் பெரியவை, எல்லாம் பென்சில். காரணத்தை யோசித்தால் வியப்பு வருகிறது. படுத்தபடி எழுதுகிறவருக்கு மைப்பேனா உதவாது. தொட்டெழுத மைக்கூடு வேண்டும், சாய்த்தால் மை சிந்தும். பென்சில் எந்தக் கோணத்திலும் எழுதும். பார்வை மங்கியவருக்குச் சிறிய எழுத்து பயன்படாது. எழுத்து பெரிதானால் தாளும் பெரிதாக வேண்டும். நோய் ஒவ்வொரு வழியாக அடைக்க அடைக்க, அவர் கருவியை மாற்றிக்கொண்டே போனார். அந்தத் தாள்கள் கவிதையின் வரைவுகள் மட்டுமல்லாமல், ஒரு பழக்கம் உடம்புக்கேற்ப வடிவம் மாறியதன் பதிவாகவும் இருக்கின்றன.

யாப்பு செய்த உதவி

தாளில்லாமல் ஒரு கவிதையை மனதில் கட்டி, விடியும்வரை சிந்தாமல் வைத்திருப்பது எப்படிச் சாத்தியம்?

நாம் ஒரு சமயத்தில் மனதில் பிடித்துவைத்து வேலை செய்யும் நினைவை உளவியலாளர்கள் செயல்நினைவு என்கிறார்கள். அதன் கொள்ளளவு சிறியது. 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழு கூறுகள், அதிலிருந்து இரண்டு கூடவோ குறையவோ என்று கணக்கிட்டார். 2001இல் நெல்சன் கோவன் உண்மையில் அது நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்று வாதிட்டார். ஆனால் ஒரு கூறு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு இப்படி வரம்பு இல்லை. பத்து எழுத்துகள் தனித்தனியே பத்துக் கூறுகள். அவை சேர்ந்து ஒரு சொல்லானால் ஒரே கூறு. நன்கு பழகிய ஒரு கவிதை அடியும் அப்படியே.

ஓசையால் கட்டிய செய்யுள் இந்தச் சுருக்கும் வேலையை எளிதாக்குகிறது. வாய்மொழி இலக்கியங்களை ஆராய்ந்த டேவிட் ரூபின் 1995இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டினார். அடுத்த சொல் எதுவாகவும் இருக்கலாம் என்றால் நினைவு திணறும். சந்தத்துக்குப் பொருந்த வேண்டும், முந்தைய அடியின் ஓசையோடு இயைய வேண்டும், பொருளும் ஒத்துவர வேண்டும் என்று மூன்று கட்டுப்பாடுகள் சேர்ந்தால், பொருந்தும் சொற்கள் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். மறந்த சொல்லை ஓசையே திருப்பிக் கொண்டுவந்துவிடும். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவருக்குச் சுவர் தடையாகவும் இருக்கிறது, வழியாகவும் இருக்கிறது, யாப்பும் அப்படித்தான். ஹைனே கையாண்டவை பெரும்பாலும் சந்தம் கட்டுப்பட்ட நாலடிப் பத்திகள். பலவற்றில் இயைபும் உண்டு. இளமையிலிருந்தே பழகிய வடிவம். இருட்டில் அது அவருக்குக் கைகொடுத்தது.

தமிழருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எதுகையும் மோனையும் நினைவுக்கு வைத்த கொக்கிகள். ஒரு பாடல் முடிந்த சொல்லிலேயே அடுத்த பாடல் தொடங்கும் அந்தாதியில், நூறு பாடல்களும் வரிசை தப்பாமல் நினைவில் நிற்கும். பொன்விளைந்த களத்தூரைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முதுகில் எழுதிக் காட்ட அவர் எழுத்தைக் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் ‘சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ்’ உள்ளிட்ட நூல்களை இயற்றினார். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாடல் என்ற பிள்ளைத்தமிழ் அமைப்பே ஒரு நினைவுச் சட்டகம். எந்த இடத்தில் நிற்கிறோம், அடுத்து எது வர வேண்டும் என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

வலியும் கவனமும்

இரவில் கவிதை கட்டியது வலியைத் தாங்கவும் உதவியிருக்குமா? ஹைனேயின் உடம்புக்குள் என்ன நடந்தது என்று இப்போது அளக்க முடியாது. ஆனால் அவருடைய சித்தப்பா வாழ்ந்த ஹாம்பர்க் நகரில், பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஷ்ப்ரெங்கரும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்துகிறது.

நலமாக இருந்த தன்னார்வலர்களின் கையில் வலிக்கும் அளவுக்குச் சூடு வைத்தார்கள். அதே நேரத்தில் அவர்களுக்கு ஒரு நினைவாற்றல் வேலை கொடுத்தார்கள். சில சமயம் எளியது, சில சமயம் கடினமானது. கடினமான வேலையில் மூழ்கியிருந்தபோது வலி குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். இது எதிர்பார்த்ததே. வியப்பு அடுத்துத்தான். ஆய்வாளர்கள் மூளையை விட்டுவிட்டுத் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடித்தார்கள். வலிச் செய்தி மூளைக்கு ஏறும் முன்னரே, தண்டுவடத்திலேயே தணிந்திருந்தது! பிறகு நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். மார்பீன் போய் ஒட்டும் ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து அது. அதைக் கொடுத்ததும் அந்த வலிக் குறைப்பில் 40 சதவீதம் மறைந்துபோனது. கவனம் ஒரு வேலையில் ஆழும்போது, உடம்பு தானே சுரக்கும் மார்பீன் போன்ற பொருட்கள் தண்டுவடத்தில் வலியின் கதவைச் சாத்துகின்றன என்று இதற்குப் பொருள்.

ஆய்வுக்கூடத்தில் சில நொடிகள் வைக்கும் சூடும், எட்டு ஆண்டு நரம்பு வலியும் ஒன்றாகிவிடாது. மருந்தின் இடத்தைக் கவிதை பிடிக்கும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஹைனேயும் மார்பீனை விடவில்லை. எனினும் ஒன்று உறுதி. மனதுக்குள் நான்கு அடிகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, ஓசைக்கும் பொருளுக்கும் ஏற்பச் சொல்லை மாற்றிப் பார்ப்பது கடினமான நினைவாற்றல் வேலை. ஹாம்பர்க்கில் கொடுத்த வேலையைவிடக் கடினமானதாகக்கூட இருக்கலாம்.

எப்போது, எங்கே

ஹைனேயின் ஏற்பாட்டில் இன்னொரு பகுதி காலை நேரம். செயலாளர் வருவார் என்பது நிச்சயம். எழுதலாமா வேண்டாமா என்று தினமும் தீர்மானிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போனது. நோயிலும் துக்கத்திலும் முதலில் களைத்துப்போவது தீர்மானிக்கும் சக்திதான். அதை மிச்சப்படுத்துகிற எதுவும் பெரிய உதவி.

ஜெர்மானிய உளவியலாளர் பேட்டர் கோல்விட்ஸரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு எழுத்தைப் பற்றியதாகவே அமைந்தது. மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். விடுமுறை, குடும்பம், விருந்து என்று எல்லாம் இழுக்கும் நேரம். பாதிப் பேரிடம் கூடுதலாக ஒன்றை மட்டும் கேட்டார்கள்: எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதை இப்போதே குறித்துக்கொடுங்கள். அப்படிக் குறித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் சொன்ன கெடுவுக்குள் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. ஆசை இரு தரப்புக்கும் ஒன்றுதான். நேரமும் இடமும் முடிவாகியிருந்ததே வேறுபாடு.

பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தினமும் ஒரு சிறு செயலைப் பழகினார்கள். காலை உணவுக்குப் பின் இது, மாலையில் அது என்று. 2010இல் வெளியான முடிவின்படி, அந்தச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. 18 நாளில் பழகியவரும் உண்டு. 254 நாள் ஆகும் என்று கணிக்கப்பட்டவரும் உண்டு. கடினமான காலத்தில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முடிவு வேறொன்று: இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை. மருத்துவமனையில் கழிந்த ஒரு நாள், அழுது ஓய்ந்த ஓர் இரவு, இவற்றால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பினால் போதும்.

மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள் என்ற பகுதியை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார். எலிகள் ஒரு பாதையை நன்கு பழகியதும், அந்த நரம்பணுக்கள் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கூர்மையாக இயங்கின, நடுவே அடங்கின. பழகிய வரிசை முழுவதையும் மூளை ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறது. தொடக்கக் குறி கிடைத்தால் மற்றது தொடர்கிறது. எழுதுகிறவருக்கு அந்தக் குறி ஒரு நாற்காலியாகவோ, ஒரு மணிச்சத்தமாகவோ, கதவைத் திறந்து உள்ளே வரும் ஒரு மனிதராகவோ இருக்கலாம்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அந்தக் குறி தேதி. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரிவரை நாட்குறிப்பு எழுதினார். வருடம், மாதம், தேதி, கிழமை என்று தலைப்பைப் போட்டதும் அன்றைய செய்தி தொடரும். வணிகர்; பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்); சூழ்ச்சிகளுக்கும் போர்களுக்கும் நடுவில் வாழ்ந்தவர். ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்தபோதும் குறிப்பு வந்துகொண்டிருந்தது. ஊர் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்னர் அவர் மறைந்தார். தேதியைப் போட்டுவிட்டால் அதன் கீழே ஏதாவது எழுதியாக வேண்டும் என்ற எளிய ஏற்பாடு, நமக்கு ஒரு நூற்றாண்டின் நடுப்பகுதியையே மீட்டுத் தந்தது.

மனம் ஒத்துழைக்கும்போது எழுதினால்தான் நல்ல கருத்து வரும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் பாய்ஸ் 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கி 1983இல் முடிவை வெளியிட்டார். ஒரு பிரிவு அவசரம் இல்லாதவரை எழுதக் கூடாது. இன்னொரு பிரிவு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது பிரிவு தினமும் எழுதியே ஆக வேண்டும். தினமும் எழுதியவர்கள், தோன்றும்போது எழுதியவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் எழுதினார்கள். புதிய கருத்துகளும் இவர்களுக்கே அதிகம் வந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் எழுதிப் பழகியவர்கள் தம் அனுபவத்தில் கண்டதை அது எண்ணிக் காட்டுகிறது: கருத்து எழுத்தைத் தேடி வருவதைவிட, எழுதும்போது பிறப்பதே அதிகம்.

பிறர் கைகள்

எழுதினால் துயரம் தீரும் என்று பலர் சொல்கிறார்கள். அதை அளவோடு நம்ப வேண்டும். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளைக்கு 15 நிமிடம், வாழ்வில் பட்ட காயங்களைப் பற்றி எழுதவைத்தார்கள். பிறகு வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. அதைத் தொடர்ந்து உலகெங்கும் ஆய்வுகள் நடந்தன. 2006இல் 146 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஜோவான் ஃப்ராட்டரோலி, பலன் உண்மை, ஆனால் சராசரியாகச் சிறியது என்று கண்டார். எழுத்து ஹைனேயைக் குணப்படுத்தவில்லை. அவரைக் கடைசிவரை எழுத்தாளராக வைத்திருந்தது. அது போதுமான கொடை.

அதற்கும் பிறர் வேண்டியிருந்தார்கள். மனைவி மதில்ட் வீட்டையும் அவரையும் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு காலையும் படுக்கையைச் சரிசெய்ய அவரைத் தூக்கி நாற்காலியில் வைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிரெஞ்சு அரசு கொடுத்துவந்த உதவித்தொகை 1848 புரட்சியோடு நின்றது. சித்தப்பா மகன் கார்ல் ஹைனே தந்த ஆண்டுப் பணம் கைகொடுத்தது. ஹில்லபிராண்டுக்குப் பிறகு ரிச்சர்ட் ரைன்ஹார்ட் செயலாளராக இருந்தார். கடைசி மாதங்களில் எலிஸ் கிரினிட்ஸ் என்ற இளம்பெண் வந்து படித்துக்காட்டினார். கல்லறையிலிருந்து வந்த கவிதைகளில் இவர்கள் எல்லோருடைய உழைப்பும் இருக்கிறது.

அதே டுசல்டோர்ஃபில் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஓவியர் இதே வழியில் நடந்தார். நகரின் கலைக்கழகப் பேராசிரியரான யோர்க் இம்மென்டோர்ஃபுக்கு 1998இல், தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோய் இருப்பது தெரிந்தது. இடக்கை போனது, வலக்கையால் வரைந்தார். அதுவும் போனபோது உதவியாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி வரையவைத்தார். ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் ஷ்ரோடரின் அரசு உருவப்படத்தையும் அவர் கடைசிக் காலத்தில் செய்துமுடித்தார். 2007இல் மறைந்தார்.

நமக்கு இந்த முறை புதிதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். உ.வே. சாமிநாதையர் அப்படி எழுதியே கவிதை உருவாகும் விதத்தை அருகிலிருந்து கற்றார். எழுதித் தருவது குருவுக்கு உதவி. மாணவருக்கு அதுவே பாடசாலை. ஹில்லபிராண்டுக்கும் அப்படித்தான் நடந்தது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்த தமிழ் அகதிகள், முகாம்களிலும் உணவகச் சமையற்கட்டுகளிலும் நாளைக் கழித்துக்கொண்டே சிற்றிதழ்கள் நடத்தினார்கள். 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘இலக்கியச் சந்திப்பு’ பின்னர் ஐரோப்பிய நகரங்களுக்கெல்லாம் போனது. கூடும் நாள் குறித்தாயிற்று, கேட்க ஆட்கள் வருவார்கள் என்பது பலரைத் தொடர்ந்து எழுதவைத்திருக்கும்.

ஆகவே கஷ்டகாலத்தில் எழுத்து நின்றுபோயிருந்தால், என்னிடம் உறுதி இல்லையே என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். எழுத்து வேலையைப் பிரித்துப் பாருங்கள். யோசிப்பது, சொல்வது, எழுதுவது, திருத்துவது என்று நான்கு வேலைகள் அதில் இருக்கின்றன. நான்கும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்று எது முடியும்? யோசிக்க மட்டும் முடிந்தால் அதைச் செய்யுங்கள். குரல் இருந்தால் கைபேசியில் சொல்லிவையுங்கள். நாலு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் நாலு வரியிலேயே முடியும் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது, எங்கே என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் நலமாக இருந்து, உங்கள் வீட்டிலோ தெருவிலோ எழுதிக்கொண்டிருந்த ஒருவர் படுத்துவிட்டார் என்றால், சீக்கிரம் எழுந்து எழுதுவீர்கள் என்ற ஆறுதலோடு திரும்பிவிடாதீர்கள். சொல்வதை எழுத இன்று இயந்திரமே இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். வாரத்தில் ஒரு நாள், சொன்ன நேரத்துக்குப் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை எழுதிப் படித்துக்காட்டுங்கள். எங்கே ஓசை தட்டுகிறது, எங்கே புரியவில்லை என்று மறைக்காமல் சொல்லுங்கள். இருபது வயது அகதி ஒருவர் பாரிஸில் ஒரு படுக்கையருகே உட்கார்ந்து செய்தது இவ்வளவே. ஜெர்மன் மொழிக்கு ‘ரொமான்ஸெரோ’ கிடைத்தது.